36,000 டி-ஷர்ட்டும் ஆறு செமஸ்டரும்

இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க வரும் பிள்ளைகளிடம் முதல் வகுப்பில் நான் கொண்டுபோய் மேசைமேல் வைப்பது ஓர் அட்டைப்பெட்டி. நீளம் 58 சென்டிமீட்டர், அகலம் 38, உயரம் 40. உள்ளே 60 டி-ஷர்ட். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் டாகுமென்டேஷன் பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் கோவைப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆண்டுக்குச் சில நாள் வகுப்பெடுக்கக் கூப்பிடுவார்கள்.

பாடப்புத்தகம் 1817-இல் தொடங்குகிறது. டேவிட் ரிக்கார்டோ, இங்கிலாந்தின் துணி, போர்ச்சுகலின் ஒயின். மொத்தம் நான்கே எண்கள்: இங்கிலாந்தில் துணிக்கு 100 ஆள், ஒயினுக்கு 120, போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டையும் போர்ச்சுகலே மலிவாகச் செய்தாலும் இருவரும் பண்டமாற்றுவதில் இருவருக்கும் லாபம் என்பதை இந்த நான்கு எண்ணில் காட்டிவிட்டார். அழகான கணக்கு. ஆனால் அதில் கப்பல் வாடகை கிடையாது, சுங்கவரி கிடையாது, வங்கி வட்டி கிடையாது. நான் பார்த்த வியாபாரத்தில் லாபமும் நட்டமும் அந்த மூன்றுக்குள்ளேதான் கிடந்தன.

அதனால் பெட்டியிலிருந்து தொடங்குகிறோம். 40 அடி கன்டெய்னரின் உள்ளளவு நீளத்தில் ஏறத்தாழ 12.03 மீட்டர், அகலத்தில் 2.35, உயரத்தில் 2.39. நீளவாக்கில் 20 பெட்டி, அகலத்தில் 6 பெட்டி, ஓர் அடுக்குக்கு 120. உயரத்தில் 40 சென்டிமீட்டர் பெட்டி ஐந்து அடுக்கு நிற்கும்; ஆறாவது அடுக்குக்கு 2.40 மீட்டர் வேண்டும், ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. பெட்டியைக் குத்துக்காலில் நிறுத்தலாமே என்றால் உள்ளே மடிப்பு சரியும், பையர் ஒப்பமாட்டார். ஆக 600 பெட்டி, 36,000 டி-ஷர்ட். எடை பெட்டிக்கு 11.2 கிலோ வீதம் 6,720 கிலோ. கன்டெய்னர் தாங்குவதோ 26 டன் அளவுக்கு. பனியன் எடையால் நிறைவதில்லை, இடத்தால் நிறைகிறது. தலைக்குமேல் 39 சென்டிமீட்டர் காற்றும் சேர்ந்து பயணம் போகிறது.

பெட்டி உயரத்தை 38 ஆக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் நாள் காஸ்டிங் ஷீட். கீழே இருப்பது வகுப்புக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள். கம்பெனிக்குக் கம்பெனி, மாதத்துக்கு மாதம் மாறும். டாலருக்கு 85 ரூபாய் என்று பிடித்திருக்கிறேன். ஒரு பீஸ், 160 கிராம், பருத்தி, வட்டக்கழுத்து, முன்பக்கம் ஒரு பிரின்ட்.

நூல், 200 கிராம், கிலோ 260 வீதம்: 52.00
நிட்டிங், சாயம், காம்பேக்டிங்: 24.00
கட்டிங், தையல், செக்கிங், அயர்ன்: 52.00
பிரின்டிங்: 18.00
லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி: 16.00
டெஸ்டிங், செகண்ட்ஸ் கழிவு: 6.00
ஆபீஸ், கரண்ட், வட்டி, வங்கிச் செலவு: 25.00
லாரி, துறைமுகம், கிளியரிங்: 2.50
ஆகச் செலவு: 195.50
எப்.ஓ.பி. (கப்பலேற்றும்வரையிலான) விலை, 2.50 டாலர்: 212.50
மிச்சம்: 17.00

கன்டெய்னருக்கு 76 லட்சத்து 50 ஆயிரம் வரவு, 6 லட்சத்து 12 ஆயிரம் மிச்சம். நூற்றுக்கு எட்டு. இந்த 17 ரூபாயைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு செமஸ்டர் முடியும்வரை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எந்தப் பாடம் வந்தாலும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும்.

முதலில் நூல். 160 கிராம் சட்டைக்கு ஏன் 200 கிராம் நூல் என்று கேட்பார்கள். கட்டிங் மேசையில் ஏறத்தாழ 15 சதவீதம் துண்டாக விழுகிறது, நிட்டிங்கிலும் சாயத்திலும் இன்னும் ஐந்தாறு சதவீதம் போகிறது. 36,000 பீசுக்கு 7,200 கிலோ நூல். அது சீவிய நூல், அதாவது கோம்ப்ட், என்றால் பஞ்சில் கால் பங்குக்கு மேல் மில்லிலேயே கழியும். ஏறத்தாழ 10 டன் பஞ்சு தேவை. பேல் ஒன்று 170 கிலோ, ஆக 59 பேல். 2022 மே மாதம் நூல் விலை ஒரே அடியாகக் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியது. திருப்பூர் இரண்டு நாள் கடையடைத்தது. அந்த 40 ரூபாயை இந்த ஷீட்டில் போட்டால் பீசுக்கு 8 ரூபாய். பலகை ஓரத்து 17-இல் கிட்டத்தட்டப் பாதி. ஆர்டர் எடுத்தது மூன்று நான்கு மாதம் முன்பு, விலை பேசியது டாலரில், அதை மாற்ற முடியாது.

சாயத்துக்கான வரியில் இன்னொரு கதை பொதிந்திருக்கிறது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் முறைக்கு வந்த பிறகே அவை ஓடின. அந்தச் செலவு இன்று கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று சாயக்கூலியில் ஏறி நிற்கிறது. போட்டி நாட்டுக்காரரின் ஷீட்டில் அந்த வரி இல்லாமல் இருக்கலாம். ரிக்கார்டோவின் நான்கு எண்ணில் ஆற்றுக்கு இடமில்லை.

டாலருக்கு ஒரு ரூபாய் ஏறினால் கன்டெய்னருக்கு 90,000 ரூபாய் கூடும், இறங்கினால் அதே அளவு போகும். பீசுக்கு இரண்டரை ரூபாய். பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள், செல்போனில் தினமும் பார்ப்பதால். இதற்கு மேல் நான் அதிகம் பேசுவதில்லை.

கப்பலுக்கு வருவோம். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை அனுப்பினார். உதிரியாகச் சரக்கேற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன காலத்தில் அவருக்கு ஆனது 16 சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. திருப்பூரில் தைத்ததை ஜெர்மனியில் விற்கலாம் என்ற எண்ணமே அந்த 16 சென்ட்டின்மேல் நிற்கிறது. கன்டெய்னருக்கு 3,600 டாலர் வாடகை என்று வைத்தால் நம் சட்டைக்குச் சரியாக 10 சென்ட்.

அந்த 10 நிலையானதில்லை. ட்ரூரி நிறுவனம் வாராவாரம் வெளியிடும் உலகக் கன்டெய்னர் குறியீடு 40 அடிப் பெட்டிக்கு 2019-இல் சராசரியாக 1,420 டாலர். 2021 செப்டம்பரில் அது 10,377 டாலரைத் தொட்டது. நம் 36,000-ஆல் வகுத்தால் சட்டைக்கு 4 சென்ட்டாக இருந்தது 29 சென்ட்டாக ஆனது. அதே 2021-இல் மார்ச் 23 முதல் 29 வரை 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக் கிடந்தது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின, 10 முதல் 14 நாள் கூடுதல். தாமதத்துக்கும் விலை உண்டு. 76.5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 14 நாளுக்கு 26,400 ரூபாய், பீசுக்கு 73 பைசா. 90 நாள் கடனில் சரக்கு கொடுத்தால் 1 லட்சத்து 70 ஆயிரம், பீசுக்கு 4 ரூபாய் 72 பைசா. காஸ்டிங் ஷீட்டின் 25 ரூபாய் வரிக்குள் ஒளிந்திருப்பது இதுதான்.

நம் பெட்டி பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். அதே தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்துக்காகத்தான் 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு. எதிரே இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் சும்மாவே வாருங்கள், குடையும் தருகிறோம் என்றது. போட்டியாளரை ஒழிக்க அடக்கவிலைக்குக் கீழே விற்பதற்குப் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு அமெரிக்க உதாரணங்களைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கடலில் நடந்தது பரீட்சைக்கு வருவதில்லை.

இனி வரி. செமஸ்டரில் அதிக நேரம் எடுக்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் கட்சி. உலகச் சுங்க அமைப்பு 1988-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒத்திசைவுக் குறியீட்டில் 61-ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62 நெய்த ஆடை. 6109 டி-ஷர்ட். 6109.10 பருத்தி, 6109.90 மற்ற நூல். ஆறு இலக்கம்வரை உலகுக்கே பொது, அதன்பின் நாட்டுக்கு நாடு. அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான வரி 16.5 சதவீதம், செயற்கை இழை என்றால் 32. கலப்புத் துணியில் எது எடையில் அதிகமோ அதன் பெயரில்தான் வரி. 52 சதவீதம் பருத்தி, 48 பாலியெஸ்டர் என்றால் 16.5. தலைகீழாக்கினால் 32. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு சட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. 90,000 டாலர் கன்டெய்னரில் வித்தியாசம் 13,950 டாலர். லேபிளில் இரண்டு எண் இடம்மாறியதற்கு விலை ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அந்தக் கன்டெய்னரில் நமக்கு மொத்த மிச்சமே 6 லட்சத்துச் சொச்சம்தான் என்பதைப் பிள்ளைகள் பலகையைப் பார்த்துத் தாங்களே சொல்வார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு மாதிரி. அமெரிக்கா எப்.ஓ.பி. மதிப்பின்மேல் வரி போடும். ஐரோப்பா கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எப். மதிப்பின்மேல் போடும். வாடகை ஏறினால் வரியும் ஏறும். டி-ஷர்ட்டுக்குப் பொது விகிதம் 12 சதவீதம். இந்தியாவுக்குப் பல ஆண்டுகள் சலுகையாக 9.6, வங்கதேசத்துக்கு, பின்தங்கிய நாடு என்பதால், பூஜ்யம். நம் சட்டையின் சி.ஐ.எப். 2.61 டாலர் என்றால் 9.6 சதவீதம் 25 சென்ட், அதாவது 21 ரூபாய். இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். நம் மிச்சம் 17. வரி வித்தியாசம் 21. எவ்வளவு நன்றாகத் தைத்தாலும், மிச்சமே வைக்காமல் விற்றாலும், டாக்காவில் இருப்பவரைவிட இந்த ஒரு வரியில் 4 ரூபாய் பின்னால்தான் நிற்கிறோம். 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது திருப்பூரில் ஏன் அத்தனை சந்தோஷம் என்பது அரசியல் பாடமில்லை. வரி 0-வுக்கு வரும் கழித்தல் கணக்கு.

அதே ஆண்டு ஆகஸ்டில் எதிர்த்திசைக் கணக்கு வந்தது. 7-ஆம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்குக் கூடுதலாக 25 சதவீதம் விதித்தது. 27-ஆம் தேதி இன்னொரு 25. நம் சட்டைக்கு 16.5 இருந்த இடத்தில் 66.5. கன்டெய்னருக்கு 14,850 டாலர் வரி 59,850 ஆனது. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான், நமக்கென்ன என்று ஒருவன் கேட்டான். புத்தகப்படி சரி. நடப்பில் பையர் போனில் கூப்பிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் தாங்குவோம் என்பார். ஐந்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் 12.5 சென்ட், 10 ரூபாய் 60 பைசா. 17-இல் அது போனால் 6 ரூபாய் 40 பைசா மீதி. விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

இத்தனைக்கும் திருப்பூரிலிருந்து 1985-இல் போன சரக்கு வெறும் 15 கோடி ரூபாய்க்கு. 2024-25-இல் அது சுமார் 40,000 கோடி. நம் மாதிரிக் கன்டெய்னராகவே எண்ணினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 பெட்டி, நாளுக்கு 143. 2005 ஜனவரி 1-இல் ஜவுளிக் கோட்டா முறை உலகெங்கும் முடிவுக்கு வந்தது அந்த வளர்ச்சியில் ஒரு பெரிய திருப்பம். அதற்கு முன்பு சட்டையோடு கோட்டாவுக்கும் விலை இருந்தது.

காகிதம் பற்றிச் சொல்லாமல் நான் நகர்ந்தால் என் தொழிலுக்கே துரோகம். ஏற்றுமதிக்குக் கட்டாயமான ஆவணங்களை 2015-இல் மத்திய அரசு மூன்றாகச் சுருக்கியது: பில் ஆப் லேடிங், இன்வாய்ஸோடு சேர்ந்த பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில். ஏற்றுமதி எண் வாங்க 500 ரூபாய், ஆன்லைனில். தொழிலுக்குள் நுழைய இவ்வளவுதான். பணம் வாங்குவதுதான் வேறு சங்கதி.

எல்.சி. என்கிற கடன் கடிதத்துக்கு உலக வங்கிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட விதித்தொகுப்பு ஒன்று உண்டு, யு.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, 39 பிரிவுகள். சரக்கேற்றி 21 நாளுக்குள் ஆவணம் வங்கிக்குப் போக வேண்டும். வங்கி பார்த்துச் சொல்ல 5 வேலைநாள். காப்பீடு சரக்கு மதிப்பில் குறைந்தது 110 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே, வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. தங்கமாகத் தைத்திருந்தாலும் இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் நிற்கும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. எல்.சி.யில் பின்னலாடை என்பதைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. நான் இன்வாய்ஸ் அடிக்கும்போது அது விழுந்துவிட்டது. ஒரே சொல். அயல்நாட்டு வங்கி முரண்பாடு என்று குறித்துக் கட்டணம் பிடித்துக்கொண்டது, பையரின் சம்மதம் கேட்டு எழுதியது, அவர் மூன்று வாரம் இழுத்தார். சரக்கு துறைமுகத்தில் வாடகை ஏறக் கிடந்தது. முதலாளி திட்டவில்லை. அந்த மூன்று வார வட்டியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்.சி.யில் அளவு கிலோவில் எழுதியிருந்தால், தொகை மீறாதவரை 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். பீஸ் கணக்கில் எழுதியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. 36,000 என்றால் 36,000. செக்கிங்கில் 12 பீஸ் செகண்ட்ஸாகக் கழிந்து 35,988 போனால் அதுவும் முரண்பாடு. தப்பிக்க ஒரு வழி, ஆர்டர் எடுக்கும்போதே எண்ணுக்கு முன்னால் 'சுமார்' என்ற சொல்லைப் போடச் சொல்லி வாங்குவது. அந்த ஒரு சொல் 10 சதவீதம் இடம் தரும். கூடுதலாகத் தைத்து மீந்ததோ திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும், பாதி விலைக்கும் கீழே.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் இதே படிப்பை வெளிநாட்டில் தொடரப் போகிறார்கள். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோ, மாதம் 992 வீதம், முடக்குக் கணக்கில் காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை). யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் 11 லட்சத்து 90 ஆயிரம். இரண்டு கன்டெய்னரின் மிச்சம் அப்படியே போகிறது, 70,000 டி-ஷர்ட்டின் லாபம். உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தத்தில் இதற்கு 'இரண்டாம் வகை' என்று பெயர்: நுகர்வோர் எல்லை தாண்டிப் போய் வாங்கும் சேவை. சர்வதேச வர்த்தகம் படிக்க விமானம் ஏறும் பிள்ளை நாட்டின் கணக்கில் ஓர் இறக்குமதியாகப் பதிகிறாள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தகப்பன்மார் சிரிப்பதில்லை.

பெட்டிக் கணக்குக்கு வருகிறேன். உயரத்தை 40-இலிருந்து 38 ஆக்கினால் ஆறு அடுக்குக்கு 2.28 மீட்டர்; 2.39-க்குள் அடங்கும். 720 பெட்டி, 43,200 பீஸ். ஆறு கன்டெய்னரில் போன 2,16,000 சட்டை ஐந்திலேயே போய்விடும். அயர்ன் மேசையில் கொஞ்சம் அழுத்தி மடித்தால் போதும், வேறு முதலீடு இல்லை. வகுப்பில் பாதிப் பேர் இதைச் சரியாகப் போட்டு வந்திருந்தார்கள். கப்பல் வாடகை சட்டைக்கு 10 சென்ட்டிலிருந்து 8.33-க்கு இறங்குகிறது, மிச்சம் ஒரு ரூபாய் 42 பைசா என்று ஒருவன் பலகையில் எழுதி 17-ஐ 18.42 என்று திருத்தப் போனான்.

பின்வரிசையில் ஒரு பெண். அப்பா பவர்டேபிள் வைத்திருக்கிறார். கட்டிங் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். "சார், நம்ம விலை எப்.ஓ.பி.தானே? கப்பல் வாடகை பையர்தானே கட்றாங்க? அப்ப அந்த ஒண்ணே நாற்பத்திரண்டு அவங்களுக்குத்தானே சார்?"

அவனை உட்காரச் சொன்னேன். அவள் வந்து, லாரிக்கும் கிளியரிங்குக்கும் கன்டெய்னருக்கு 90,000 ரூபாய் ஆவதை 43,200-ஆல் வகுத்தாள். 2.50 இருந்தது 2.08 ஆனது. 17-ஐ அழித்துவிட்டு 17.42 என்று எழுதினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அழுத்தி மடிக்கிறதுக்கு அயர்ன்காரர் பீசுக்கு ஐம்பது பைசா கூடக் கேட்பாரு சார்" என்றாள்.